அமைச்சர் சொன்னதும் நான் சொன்னதும்

செப்டம்பர் 7, வியாழன்

கன்டெய்னர் இன்றும் துறைமுகத்தை விட்டு வெளியே வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த நாற்பது பம்புகள் உள்ளே வெந்துகொண்டிருக்கின்றன. ஹமிசி காலையிலிருந்து சுங்க அலுவலகத்தில் நின்றுவிட்டு நான்கு மணிக்கு வெறுங்கையோடு வந்தான். கோயம்புத்தூர் முதலாளிக்காக நான் நடத்துகிற இந்தப் பம்புக் கடையில் பதினான்கு வருடமாக மெக்கானிக். இந்த ஊரில் எந்தக் கதவை எப்படித் தட்ட வேண்டும் என்று என்னைவிட அவனுக்குத்தான் தெரியும்.

தமிழ்ச் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். சனிக்கிழமை நம் ஊரிலிருந்து அமைச்சர் வருகிறார், வணிகக் குழுவோடு. அவர் தமிழில்தான் பேசுவார். இந்த நாட்டுத் துணை அமைச்சரும் அதிகாரிகளும் முன்வரிசையில் இருப்பார்கள். சுவாஹிலியில் சொல்ல ஆள் வேண்டும்.

"பத்தொம்பது வருசமா இருக்கறீங்க. உங்கள விட்டா யாருங்க?" என்றார்.

ஒப்புக்கொண்டேன். மறுக்கிற நிலையில் நான் இல்லை. நூற்று நாற்பது கிராமக் கிணறுகளுக்கு எங்கள் பம்பு வாங்குவதாக நீர்வளத் துறை முடிவு செய்திருக்கிறது. பதினைந்தாம் தேதி கையெழுத்து. துறையின் தலைமைப் பொறியாளரும் விழாவுக்கு வருகிறார்.

அமைச்சர் வருவதற்குக் காரணமே வேறு. போன வருடம் நம் ஊரில் ஓர் உத்தரவு போட்டார்கள். அங்கே படிக்கிற ஆப்பிரிக்க மாணவர்கள் மாதத்துக்கு ஒருமுறை காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஏதோ ஓர் ஊரில் அடிதடி நடந்ததற்காக எல்லோருக்கும் சேர்த்து. இங்கே பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதாத வாரமில்லை. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் இந்தப் பயணம்.

வீட்டில் சாந்தாமணி என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 9, சனி

உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகிறது. பேனா சரியில்லை என்று வேறு பேனா எடுத்தேன்.

அமைச்சர் ஒன்றரை மணி நேரம் தாமதம். துணை அமைச்சரும் தலைமைப் பொறியாளரும் அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார்கள். ஆறிப்போன வடையைக் கொடுத்தோம், சாப்பிட்டார்கள். வந்தவர் அவர்களைத் தாண்டி நேரே மேடைக்குப் போனார். அவருடைய தனிச் செயலர் பரந்தாமன், துணை அமைச்சரைக் கண்ணால் காட்டி என்னிடம் கேட்டார்: "இவர் யாரு, டிரைவரா?"

பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. கடல் கடந்த உறவு, கப்பல், மிளகு. பிறகு சிரிப்பு மூட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் அப்படியே எழுதுகிறேன்:

"பிளைட்ல இருந்து இறங்கினேன். பட்டப்பகல். திடீர்னு இருட்டாயிடுச்சு. என்னடா, இந்த ஊர்லயும் கரண்ட் கட்டான்னு பாத்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது, நம்மள வரவேற்க வந்தவங்க வரிசையா நின்னுட்டிருந்தாங்க."

மண்டபம் சிரித்தது. முன்னூறு பேருக்குக் குறையாது. மருத்துவர்கள், கணக்காளர்கள், அவர்களுடைய மனைவிகள், பட்டுப்பாவாடை கட்டின குழந்தைகள்.

அவர் நிறுத்தவில்லை. "இவங்க பசங்க நம்ம ஊருக்குப் படிக்க வர்றாங்க. கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க. மாசாமாசம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு எண்ணிப் பாத்துக்கறோம். ஒண்ணும் தொலையாது."

மைக் என்னிடம் வந்தது. விமான நிலையத்தில் நீங்கள் தந்த வரவேற்பில் பகல் இன்னும் பிரகாசமானது என்று அமைச்சர் சொல்கிறார், உங்கள் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார் என்று சுவாஹிலியில் சொன்னேன். துணை அமைச்சர் எழுந்து நின்று கைதட்டினார்.

மூன்றாவது வரிசையில் நீமா உட்கார்ந்திருந்தாள். நீர்வளத் துறையில் இந்த மே மாதம் சேர்ந்த இளம் பொறியாளர். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான்கு வருடம் படித்தவள். எங்கள் ஊர்த் தமிழை எங்களைப் போலவே பேசுவாள். அவள் கைதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது அமைச்சர் என் தோளில் தட்டினார். "நல்லா சொன்னீங்க போலிருக்கே. கைதட்டல் பலமா இருந்துச்சு." அவர் கையில் இருந்த சந்தன வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டது. சட்டையைத் தனியாக ஊறப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ விழா வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

நீமா கடைக்கு வந்தாள். பம்பு விலைப்பட்டியல் கேட்டு வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

"அண்ணா, நீங்க எதுக்குங்க மாத்திச் சொன்னீங்க?" என்றாள், உட்காராமலே.

"அத்தனை பேர் இருக்கற சபையில அப்படியே சொல்ல முடியுமாம்மா? உங்க துணை அமைச்சர் மனசு நொந்து போவாருல்ல."

"அவரு மனசு நோகக் கூடாதுன்னா? இல்ல, பதினஞ்சாந்தேதி கையெழுத்து நின்னுரக் கூடாதுன்னா?"

ஹமிசி வெளியே மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் நின்றதும் அவளே தொடர்ந்தாள்.

"கடைசி வருசம் பூரா ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டனுங்க. உக்காரச் சொல்ல மாட்டாங்க. வரிசையா நிப்போம். அங்க ஒரு ஏட்டு. எங்களப் பாத்ததும், 'கரண்ட் போயிருச்சு, மெழுகுவத்தி கொண்டா'ம்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. அமைச்சர் சொன்னது எனக்குப் புது ஜோக் இல்லீங்கண்ணா. மாசாமாசம் கேட்டதுதான்."

நான் டீ சொன்னேன்.

"பத்திரிகைக்காரங்க என்னைக் கேக்கறாங்க. நான் சொன்னா, இவளுக்கு அரைகுறைத் தமிழ்னு உங்காளுங்க சொல்லுவாங்க. நீங்க சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. புதன்கிழமை வரைக்கும் பாக்கறேன்."

"பாக்கலாம்மா," என்றேன்.

டீயைத் தொடாமல் போய்விட்டாள். பிடிவாதக்காரி. அந்தக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தவனே நான்தான். அதை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செப்டம்பர் 13, புதன்

கன்டெய்னர் வந்துவிட்டது. இரண்டு பம்புகளுக்கு உறை உடைந்திருக்கிறது. திரும்பும்போது பத்திரிகை அலுவலகம் வழியாகத்தான் வந்தேன். வண்டி நிறுத்த இடமில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

முதல் பக்கத்தில் வந்துவிட்டது. "பகலில் விளக்கு அணைந்ததாம்" என்று கொட்டை எழுத்து. கீழே நீமாவின் மொழிபெயர்ப்பு, சொல்லுக்குச் சொல். அவள் தமிழில் ஒரு குறை சொல்ல முடியாது. நான் சொன்னதையும் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அமைச்சரைவிட நான்தான் பெரிய ஏமாற்றுக்காரன்.

சாந்தாமணி மீன் வாங்கப் போய்ப் பையை மடித்துக்கொண்டு வந்தாள். ஒன்பது வருடமாக அவளுக்கென்று மீன் எடுத்து வைக்கிற பெண், இவளைப் பார்த்ததும் சாக்கை இழுத்துக் கூடையை மூடி, "தீர்ந்துவிட்டது" என்றாளாம். சாக்குக்கு வெளியே வால் தெரிந்ததாம்.

"ஏனுங்க, அந்தாளு பேசிட்டு பிளைட் ஏறிப் போயிட்டான். நாம என்னங்க பண்ணுனோம்?"

"ஒண்ணும் பண்ணல," என்றேன்.

கடைக்கு எதிரே பள்ளிவிட்டுப் போகிற பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு "தா இமெசிமிகா, தா இமெசிமிகா" என்று கத்தினார்கள். விளக்கு அணைந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று கடை தள்ளி ஒரு குஜராத்திக்காரர் இருக்கிறார், அவருக்கும் அதே மரியாதை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னை முறைத்தார். அவர் தாத்தா பிறந்ததே இந்த ஊரில்.

செப்டம்பர் 15, வெள்ளி

கையெழுத்து இல்லை. தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்று துறையிலிருந்து ஒரு வரி வந்தது.

மதியம் ஹமிசி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "கருப்பன் என்றால் என்ன?" என்று சுவாஹிலியில் கேட்டான்.

வீட்டில் அவனை அப்படித்தான் சொல்வோம். சாந்தாமணி போனில், "கருப்பன் கிளம்பிட்டானுங்களா?" என்பாள். "நம்ம கருப்பன்கிட்டக் குடுத்து விடுங்க" என்பாள். பிரியமாகத்தான். அவனும் அது தமிழில் ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

"எங்கள் காவல் தெய்வத்தின் பெயர்," என்றேன். "பெரிய மீசை, கையில் அரிவாள். எங்கள் ஊர் எல்லையில் சிலை இருக்கிறது."

அது பொய் இல்லை. எங்கள் குலத்துக்கே அவர்தான் காவல். வேண்டுமானால் படம் காட்டுகிறேன் என்றேன். காட்டினேன்.

ஹமிசி படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல மீசை," என்று சொல்லிப் போனான். சாம்பார் உப்புக் கரித்தது.

செப்டம்பர் 16, சனி

பரந்தாமன் சென்னையிலிருந்து கூப்பிட்டார். குரலில் அவ்வளவு நயம்.

"சென்னியப்பன் சார், ஒண்ணுமில்ல, ஒரு சின்ன லெட்டர். நானே டைப் பண்ணி அனுப்பறேன், நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும். பேச்சு வழக்குல போதிய பழக்கம் இல்லாததால மொழிபெயர்ப்புல பிழை ஏற்பட்டுடுச்சுன்னு."

"எனக்குத் தமிழ் தெரியாதுன்னு எழுதித் தரச் சொல்றீங்களா?"

"சேச்சே. வழக்கு தெரியாதுன்னு. அமைச்சர் வெயிலைப் பத்திதான் சொன்னாரு. வெயில்ல கண்ணு கூசி இருட்டிட்டு வந்துச்சுன்னு. அதை நீங்க தப்பா சொல்லிட்டீங்க."

"நான் சொன்னது நல்லபடியாத்தானுங்க இருந்துச்சு. அவர் சொன்னதுதான் தப்பு. வீடியோவுல அவர் குரலே இருக்குதுங்களே."

"யாரு சார் உக்காந்து கேக்கப் போறா? மொழிபெயர்ப்புப் பிழைன்னு ஒரு வார்த்தை இருந்தா முடிஞ்சுது. அறிக்கை காலையிலயே போயாச்சு. லெட்டர் ஃபைலுக்குத்தான்." வைக்கும் முன், "உங்க முதலாளியும் அமைச்சருக்கு வேண்டியவர்தான்," என்றார்.

கடிதம் வந்துவிட்டது. மூன்று வரி. அதில் என் பெயரிலேயே ஒற்றுப்பிழை.

அறிக்கையையும் படித்தேன். "உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் அறியாமை." மேடையில் அந்த ஆள் துப்பியதை என் சட்டையில் துடைத்தேன். இப்போது எச்சில் என்னுடையது என்கிறார்கள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

வீடியோவைப் பார்த்தேன். அமைச்சரின் சொற்களைக் குறித்து வைத்துக்கொண்டு, தேவையானால் வாதாடலாம் என்றுதான் போட்டேன்.

"வரிசையா நின்னுட்டிருந்தாங்க" என்று அவர் முடித்ததும், மண்டபம் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால், மைக்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. சத்தமான, வாய் விட்ட சிரிப்பு. மண்டபம் அதன் பின்னால்தான் சேர்ந்துகொண்டது.

நான்.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பதற்றத்தில் சிரித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். அப்படி இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகுதான் துணை அமைச்சரின் முகம் கண்ணில் பட்டது. அதன் பிறகுதான் பதினைந்தாம் தேதி ஞாபகம் வந்தது. நீமா ஒரு வாரமாக இதைத் தெரிந்துகொண்டு என்னோடு பேசியிருக்கிறாள்.

சாந்தாமணி சமையலறையிலிருந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்த பிறகுதான் போனாள்.

செப்டம்பர் 18, திங்கள்

கடையைத் திறந்ததும் ஹமிசியைக் கூப்பிட்டேன். "அந்தப் பெயர் தெய்வத்தின் பெயர்தான். ஆனால் உன்னைத் தெய்வத்தை நினைத்துக் கூப்பிடவில்லை."

"தெரியும்," என்றான். "நீமா போன வாரமே சொல்லிவிட்டாள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பார்க்கத்தான் கேட்டேன்."

திரும்பவும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்டேன். "வால்வு வேண்டும், இரண்டு இஞ்ச்," என்றான்.

பத்து மணிக்கு வானொலி நிலையத்துக்குப் போனேன். நேயர்கள் பேசுகிற நிகழ்ச்சி. என் பெயரைச் சொன்னதும் உள்ளே விட்டார்கள். அமைச்சர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சுவாஹிலியில் சொன்னேன். பிழை இல்லை, நான் தெரிந்தே மாற்றினேன் என்றேன். முதலில் சிரித்தவன் நான் என்றும் சொன்னேன்.

நிகழ்ச்சி நடத்திய பெண் கேட்டாள்: "ஏன் சிரித்தீர்கள்?"

"எங்கள் வீடுகளில் அப்படிப் பேசுவோம். பழக்கம்."

அவள் பாட்டுப் போட்டாள்.

வெளியே வந்தபோது நீமாவிடமிருந்து ஒரே சொல் வந்திருந்தது: "கேட்டேன்."

செப்டம்பர் 19, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து முதலாளி.

"ஏனப்பா சென்னியப்பா, உன்னைப் பம்பு விக்க அனுப்புனனா, பஞ்சாயத்துப் பண்ண அனுப்புனனா?"

"மன்னிச்சுக்கோங்க. ஆனா சொன்னது நிசமுங்க."

"நிசம் நெம்ப முக்கியமப்பா உனக்கு. இந்த வயசுல. ரேடியோவுல போய் நாட்டு மானத்தக் கப்பலேத்திட்டயே."

"அது விழா அன்னைக்கே ஏறிருச்சுங்களே," என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது.

அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் ஊர் திரும்ப வேண்டும். என் இடத்துக்கு முதலாளியின் மருமகனுடைய தம்பி வருகிறான். அவனுக்குச் சுவாஹிலி தெரியாது. தேவைப்படாது என்கிறார்கள். சங்கத்திலிருந்தும் கடிதம், உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியதாக. கீழே கையெழுத்துப் போட்ட பதினொரு பேரில் ஒன்பது பேர் வீடியோவில் பல் தெரியச் சிரிக்கிறார்கள்.

செப்டம்பர் 23, சனி

தலைமைப் பொறியாளர் வீட்டுக்கு வரச் சொன்னார். தோட்டத்தில் உட்கார வைத்து, கிணறுகளுக்கான பம்புகளை வேறு நாட்டிலிருந்து வாங்கப் போவதாகச் சொன்னார். அந்த நாட்டுப் பம்பு எங்களுடையதில் பாதி நாள்கூட உழைக்காது. அது அவருக்கும் தெரியும்.

"அமைச்சர் பேசியதற்காக இல்லை," என்றார். "எங்களிடமும் அப்படி இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் வெளிநாட்டுக்குப் போனால் நாங்களும் காதைப் பொத்திக்கொள்வோம். ஆனால் அந்த மண்டபம் சிரித்ததே, அதில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். என் மகனுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் சிரித்தார். மொழி புரியாமல், அமைச்சர் ஏதோ நல்ல வார்த்தை சொல்கிறார் என்று நினைத்து நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். அதை என்னால் மறக்க முடியவில்லை."

நான் கொண்டுபோன பழக்கூடையை அவர் வாங்கிக்கொண்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இணையத்தில் நம் ஊர்ச் செய்தி படித்தேன். அமைச்சரின் பயணம் மாபெரும் வெற்றியாம். அரசுக்கு வருகிற வெளிநாட்டு விருந்தினர்களை வரவேற்கும் குழுவுக்கு அவரைத் தலைவராக்கியிருக்கிறார்கள். மாலை போட்டுக்கொண்டு நிற்கிற படத்தில் துணை அமைச்சர் எழுந்து நின்று கைதட்டுகிற காட்சியை ஓரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கைதட்டல் என் பொய்க்குக் கிடைத்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

மாணவர்கள் கையெழுத்துப் போடும் உத்தரவு அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 30, சனி

இதுதான் கடைசி சர்வீஸ். வடக்கே மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு கிராமம். ஆறு வருடத்துக்கு முன் நாங்கள் போட்ட பம்பு நின்றுவிட்டது என்று தகவல். நீமாதான் ஹமிசியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், என்னிடம் இல்லை.

ஹமிசி வண்டியை ஓட்டினான். வழியில் புதிதாக வருகிற மேலாளர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். தெரியும்.

பம்பில் பெரிய கோளாறு இல்லை. மணல் ஏறி அடைத்திருந்தது. இருபது முப்பது பெண்கள் மஞ்சள் கேன்களோடு காத்திருந்தார்கள். கிணற்றுக் குழுவுக்குத் தலைவி ஓர் உயரமான பெண். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்காமல் ஹமிசியிடம் கேட்டாள்.

"இவர் எந்த நாடு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹமிசி சொன்னான். "ஸ்ரீலங்கா."

அவள் முகம் தளர்ந்தது. "அப்படியா. வேறு ஆளோ என்று நினைத்தேன். அவர்களாக இருந்தால் தண்ணீர் வராவிட்டாலும் பரவாயில்லை, போகச் சொல்லியிருப்பேன்." மரத்தடியில் பாயைப் போட்டாள். ஓர் இளநீரை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஹமிசி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மூடியின் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தான். எனக்காகச் சொன்னானா, வேலை நடக்க வேண்டுமென்று சொன்னானா, கேட்கத் தைரியம் வரவில்லை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு நாடே கேட்க உண்மை சொன்ன வாய் என்னுடையது. இந்த ஒரு பெண்ணிடம் அது திறக்கவில்லை. இளநீரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.

பம்பு ஓடத் தொடங்கியது. முதலில் செம்மண் கலங்கி வந்து பிறகு தெளிந்தது. பெண்கள் கேன்களை வரிசையாக வைத்தார்கள். தலைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்கள் நாடு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"சுற்றிலும் கடல்," என்றேன்.